600 வாட், ஆறு பின்: கிராஃபிக்ஸ் கார்டு பவர் கேபிள் பற்றி வாசகர் கேள்விகள்

உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டுகளின் பவர் கனெக்டர், அடாப்டர் கேபிள் ஆகியவை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 வாங்க இருக்கிறேன். அதன் பவர் கனெக்டர் உருகிவிடுகிறது என்று பயமுறுத்துகிறார்கள். பழைய 8 பின் கனெக்டர் இத்தனை வருடம் ஒழுங்காக ஓடியதே, புதியதில் அப்படி என்ன கோளாறு?

பதில்: உருகுவது உண்மை. எல்லோருக்கும் நடப்பதில்லை என்பதும் உண்மை. காரணத்தைத் தெரிந்துகொள்ள வாட்டை விட்டுவிட்டு, ஒரு பின் வழியாக எத்தனை ஆம்பியர் போகிறது என்று பாருங்கள்.

பழைய 8 பின் பிசிஐஇ கனெக்டருக்கு விதிப்படி 150 வாட். 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். அதைச் சுமப்பவை மூன்று பின்கள். ஆக, ஒரு பின்னுக்கு 4.2 ஆம்பியர் அளவில்தான் வரும். அந்தப் பின்னோ சுமார் 8 ஆம்பியர் தாங்கும். ஏறக்குறைய இரண்டு மடங்கு இடைவெளி இருப்பதால், ஒரு பின் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் மற்ற இரண்டும் சமாளித்துவிடும்.

2022-இல் வந்த 12விஎச்பிடபிள்யூஆர் என்ற 16 பின் கனெக்டரில் மின்சாரம் போகும் பின்கள் 12. ஆறு 12 வோல்ட், ஆறு கிரவுண்டு. மிச்சம் நான்கும் தகவல் சொல்லும் சிறு பின்கள். உச்ச வரம்பு 600 வாட், அதாவது 50 ஆம்பியர். ஆறால் வகுத்தால் பின்னுக்கு 8.3 ஆம்பியர். அந்தப் பின்னின் தாங்குதிறன் 9.5 ஆம்பியர்தான். பின்களின் இடைவெளியும் 4.2 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டராகச் சுருங்கியது. 5090-இன் 575 வாட் முழுவதும் இந்தக் கேபிள் வழியாகவே வந்தால் பின்னுக்கு 8 ஆம்பியர். ஆறு பின்னும் சரிசமமாகப் பங்கிட்டுக்கொண்டால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும்.

பங்கீடு எப்படிக் கெடுகிறது? கேபிளில் பொதுவாக இருப்பது 16 கேஜ் வயர். அதன் மின்தடை மீட்டருக்கு 13 மில்லி ஓம் போல. 60 செ.மீ. நீளத்துக்கு 8 மில்லி ஓம். இரு முனைத் தொடுபரப்புக்கும் ஆளுக்கு 5 என்று வைத்தால், ஒரு வழியின் மொத்தத் தடை 18 மில்லி ஓம். ஒரு பின் சரியாகப் பிடிக்காமல் அதன் தடை 5-லிருந்து 30-க்கு ஏறினால், அந்த வழி 43 ஆகிவிடும். மின்சாரம் தடை குறைந்த வழியைத் தேடிப் போகும். கெட்ட வழியில் 3.7 ஆம்பியராகக் குறைந்து, மற்ற ஐந்திலும் 8.9 ஆகும். இன்னொரு பின்னும் அதேபோல் தளர்ந்தால் மீதி நான்கிலும் 9.9 ஆம்பியர். தாங்குதிறனைத் தாண்டியாயிற்று. லூஸ் கான்டாக்ட் இருக்கும் இடத்தில் தீயாமல், நன்றாகப் பிடித்திருக்கும் பின் தீய்ந்துபோவது இதனால்தான். வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும்: அதே 5 மில்லி ஓம் தொடுபரப்பில் 8 ஆம்பியருக்கு 0.32 வாட், 20 ஆம்பியருக்கு 2 வாட். சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு பின்னில் 2 வாட் என்பது பெரிய சூடு.

2025 பிப்ரவரியில் டெர்8அவர் என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானிய வல்லுநர் ஒரு 5090-ஐ அளந்தபோது, ஒரே வயரில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. பவர் சப்ளை முனையில் வெப்பம் 150 டிகிரியைத் தொட்டது.

கார்டின் உள்ளமைப்பும் இதில் பங்காளி. 3090 டிஐ-இல் ஆறு பின்களை இரண்டிரண்டாக மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக அளந்து சமன் செய்தார்கள். பெரும்பாலான 4090, 5090 கார்டுகளில் ஆறும் உள்ளே நுழைந்ததும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எந்தப் பின்னில் எவ்வளவு வருகிறது என்று கார்டுக்கே தெரியாது. அசுஸ் ராக் ஆஸ்ட்ரல் போன்ற சில மாடல்கள் பின்வாரியாக அளந்து காட்டுகின்றன. 450 வாட்டுக்கு மேல் எடுக்கும் கார்டுகள் எல்லாவற்றிலும் இந்த வசதி கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இத்தனை விலை கொடுப்பவருக்கு ஒரு எச்சரிக்கை மணியாவது மிஞ்ச வேண்டும்.

கேள்வி: என் கேபிள் பழைய 12விஎச்பிடபிள்யூஆர். புது கார்டில் 12வி-2×6 என்று போட்டிருக்கிறது. கேபிளை மாற்ற வேண்டுமா?

பதில்: கேபிள் நல்ல நிலையில் இருந்தால் வேண்டாம். 12வி-2×6 என்பது அதே 16 பின் கனெக்டரின் 2023 திருத்தம், மாற்றம் கார்டில் இருக்கும் சாக்கெட்டில்தான். மின்சாரம் போகும் பின்கள் 0.25 மில்லிமீட்டர் நீண்டன. தகவல் சொல்லும் சென்ஸ் பின்கள் 1.5 மில்லிமீட்டர் குட்டையாயின. கனெக்டர் முழுதாக உள்ளே போனால்தான் சென்ஸ் பின்கள் தொடும், தொட்டால்தான் கார்டு மின்சாரம் இழுக்கும். பழைய சாக்கெட்டில் சென்ஸ் பின் இரண்டும் தொடாவிட்டாலும் 150 வாட் வரை அனுமதி உண்டு, புதியதில் ஒன்றும் கிடையாது. புதிய சாக்கெட்டில் எச்++ என்றும் பழையதில் எச்+ என்றும் குறி இருக்கும். அரைகுறையாகச் சொருகும் தவறை இது பெருமளவு தடுக்கும். பின்களுக்கிடையே பங்கீடு கெடுவதைத் தடுக்காது. 5090-இல் உருகியவை இந்தப் புதிய சாக்கெட்டுகளே.

கேள்வி: கனெக்டரைச் சொருகும்போது "க்ளிக்" சத்தமே கேட்கவில்லை. சரியாகப் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சத்தத்தை நம்பாதீர்கள். பல கேபிள்களில் அது காதில் விழாது. கண்ணால் பாருங்கள்.

முடிந்தால் கார்டை மதர்போர்டில் மாட்டுவதற்கு முன்பே கேபிளைக் கார்டில் சொருகிவிடுங்கள். கேபினெட்டுக்குள் கையை வளைத்து அழுத்துவதைவிட மேஜை மேல் வைத்து நேராக அழுத்துவது எளிது. ஏற்கெனவே மாட்டிய கார்டு என்றால், பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். கார்டின் எதிர்ப்பக்கத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, மறு கையால் கனெக்டரின் உடலை, வயரை அல்ல, நேராக உள்ளே தள்ளுங்கள். இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி ஏற்றக் கூடாது. பெண் முனையின் மெல்லிய உலோகம் விரிந்துபோகும், அதன் பிறகு பிடிமானம் போச்சு. உள்ளே போனதும் டார்ச் அடித்து நான்கு பக்கமும் பாருங்கள். கனெக்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை. கொக்கி சாக்கெட்டின் மேட்டைத் தாண்டி உட்கார்ந்திருக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் வரக் கூடாது. எம்எஸ்ஐ தன் கேபிள் தலையில் மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதற்காகத்தான்: மஞ்சள் தெரிந்தால் இன்னும் உள்ளே போக வேண்டும்.

பிறகு வருவது வளைவு. கனெக்டரிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கேபிள் நேராகப் போகட்டும், அதற்கப்புறம் வளையுங்கள். கேபினெட்டின் பக்கக் கண்ணாடி கேபிளை அமுக்கினால், ஒரு ஓரத்துப் பின்கள் இழுபட்டு மறு ஓரம் தளரும். மேலே சொன்ன 30 மில்லி ஓம் பின் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. கேபிளை ஒழுங்குபடுத்திக் கண்ணாடியை மூடுவதற்குமுன் கனெக்டரை மறுபடி ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பவர் சப்ளை முனையையும் அதேபோல் சோதிக்க வேண்டும். அதை மறப்பவர்கள் அதிகம், அங்கும் உருகியிருக்கிறது.

கழற்றிக் கழற்றி மாட்டுவதும் ஆகாது. விதிப்படி இந்தக் கனெக்டரின் ஆயுள் 30 முறை சொருகிக் கழற்றுவது. வாரம் ஒருமுறை "எதற்கும் பார்த்துவிடுவோம்" என்று பிடுங்கிப் பார்ப்பவர் ஏழெட்டு மாதத்தில் அதைத் தீர்த்துவிடுவார்.

கேள்வி: கார்டோடு, நான்கு 8 பின் கேபிளை 16 பின்னாக மாற்றும் நான்கு தலை அடாப்டர் வந்தது. என் 1000 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளையில்) மூன்று பிசிஐஇ கேபிள்தான் இருக்கிறது. அதில் ஒன்றில் இரட்டைத் தலை. மூன்று கேபிளை வைத்து நான்கு தலையையும் நிரப்பலாமா?

பதில்: நிரப்பினால் ஓடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நான்கு தலையும் நிரம்பியிருந்தால் அடாப்டர் கார்டிடம் "600 வாட் உண்டு" என்று சொல்லும். மூன்று மட்டும் நிரம்பியிருந்தால் 450 என்று சொல்லும். தலைகள் தனித்தனிக் கேபிளிலிருந்து வருகின்றனவா, ஒரே கேபிளிலிருந்து வருகின்றனவா என்று அதற்குத் தெரியாது. இரட்டைத் தலைக் கேபிளில் 300 வாட் இழுத்தால், எஸ்எம்பிஎஸ் பக்கம் 25 ஆம்பியர். அந்தக் கேபிளில் மூன்றே 12 வோல்ட் வயர்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியர். 16 கேஜ் வயரும் நல்ல பின்களும் இருந்தால் தாங்கும். விலை மலிவான, அதைவிட மெல்லிய 18 கேஜ் என்றால் சூடாகும். வயரின் உறை மேல் கேஜ் எண் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

உங்கள் கார்டு 4090 என்றால், அதன் வழக்கமான வரம்பே 450 வாட்தான். மூன்று தனிக் கேபிளை மூன்று தலையில் மாட்டி, நான்காவதைக் காலியாக விடுங்கள். ஓவர்கிளாக்கிங் மட்டும்தான் இல்லாமல் போகும். 5080-க்கு 360 வாட், அதன் அடாப்டரே மூன்று தலைதான், பிரச்சினை இல்லை. 5090-க்கு 575 வேண்டும். அதற்கு மூன்று கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு போராடாதீர்கள். அதே எஸ்எம்பிஎஸ் நிறுவனம் உங்கள் மாடலுக்கென்றே 16 பின் கேபிள் விற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏடிஎக்ஸ் 3.1 என்ற புதிய விதிமுறைப்படி வரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மாறுங்கள்.

அடாப்டரைவிட நேர்க் கேபிளைச் சொல்வதற்குக் காரணம், தொடுமுனைகளின் எண்ணிக்கை. நேர்க் கேபிளில் இரண்டு இடத்தில் பின் தொடுகிறது. அடாப்டர் போட்டால் மூன்று இடம். தளர வாய்ப்புள்ள இடம் ஒன்று கூடுகிறது.

கேள்வி: அதே 600 வாட்டுக்கு அடாப்டரில் நான்கு 8 பின் வேண்டும். ஆனால் எஸ்எம்பிஎஸ் நிறுவனத்தின் 16 பின் கேபிள் மறுமுனையில் இரண்டு 8 பின்னோடு நிற்கிறது. இது எப்படிச் சரியாகும்?

பதில்: பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அவை இரண்டும் வெவ்வேறு 8 பின்கள். 150 வாட் என்பது கார்டு பக்கத்து 8 பின்னுக்குப் பிசிஐஇ விதி வைத்த வரம்பு. அதில் 12 வோல்ட் பின் மூன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து 8 பின் எந்தப் பொது விதிக்கும் உட்பட்டதல்ல, நிறுவனம் தானே வடிவமைத்தது. கோர்சேர் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு 8 பின்னுக்கும் 300 வாட் கணக்கிட்டு, அதற்குத் தக்க பின்னும் வயரும் போட்டு, இரண்டால் 600 கொடுக்கின்றன.

இதை ஒட்டி ஓர் எச்சரிக்கை. நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல், எஸ்எம்பிஎஸ் பக்கப் பின் வரிசை மாறும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் சொருகினால் அழகாக உள்ளே போய்விடும். கிரவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வரும். கார்டும் போகும், மதர்போர்டும் போகும். எஸ்எம்பிஎஸ் மாற்றும் நாளில் பழைய கேபிள்கள் எல்லாவற்றையும், ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிள் உட்பட, உருவி எடுத்துப் பழைய பெட்டியிலேயே போட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: கேபினெட் அகலம் குறைவு. 90 டிகிரி வளைந்த அடாப்டர் போடலாமா?

பதில்: வளைந்த தலை கொண்ட முழுக் கேபிள் என்றால் போடலாம். நடுவில் சொருகும் தனி அடாப்டர் என்றால் வேண்டாம். கேபிள்மாட் நிறுவனத்தின் 16 பின் வளைவு அடாப்டர்கள், 1.0, 1.1 பதிப்புகள், சுமார் 25,300 எண்ணிக்கை, 2024 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழியாகத் திரும்பப் பெறப்பட்டன. பழைய சாமான் விற்கும் இடத்தில் இவை இன்னும் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். வளைந்த தலைக் கேபிள் வாங்கும்போதும், உங்கள் கார்டின் சாக்கெட்டில் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். திசை மாறினால் கேபிள் ஹீட்சிங்க் மேலேயே வளைந்து முட்டும்.

கேள்வி: என் கேபிளில் பங்கீடு சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே அளக்க முடியுமா?

பதில்: முடியும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் சாதாரணமாக வைத்திருக்கும் கிளாம்ப் மீட்டர் ஏசி மட்டும் அளக்கும். அதை வைத்தால் பூஜ்யம் காட்டும், நீங்களும் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்வீர்கள். வாங்குமுன் டிசி ஆம்பியர் உண்டா என்று பாருங்கள்.

வயர்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் இடத்தில்தான் அளக்க முடியும். கார்டுக்கு முழுச் சுமை கொடுத்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மீட்டரை ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஆறு 12 வோல்ட் வயர்களையும் ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள். பிறகு ஆறு கிரவுண்டு வயர்கள். 5090-இல் எல்லாம் 7-க்கும் 9-க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. எதுவாவது 9.5-ஐத் தாண்டினால் உடனே நிறுத்தி, அணைத்து, இரு முனையையும் கழற்றி மறுபடி சொருகி அளங்கள். அப்போதும் அதே வயர் தாண்டினால் கேபிளை மாற்றுங்கள். புதுக் கேபிளிலும் அதே பின் என்றால் குற்றம் கார்டின் சாக்கெட்டில்.

மீட்டர் இல்லாதவர்கள் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் 16 பின் வோல்டேஜைப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போதும் முழுச் சுமையிலும் எவ்வளவு என்று புதிதிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து, சுமையில் விழும் அளவு கூடியிருந்தால் தொடுமுனை கெட்டு வருகிறது என்று பொருள். ஒரே ஒரு பின் தளர்ந்தது இதில் தெரியாமலும் போகலாம், ஆகவே இது முழு நிவாரணம் அல்ல.

நல்ல நிவாரணம் ஒன்று கைவசமே இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். 5090 சுமார் 400 வாட்டில் ஓடும். பின்னுக்கு 5.6 ஆம்பியர். ஆம்பியர் 70 சதவீதமானால் தொடுமுனையின் சூடு பாதியாகிவிடும். வேகத்தில் இழப்பு அந்த அளவுக்கு இருக்காது. ஏசி இல்லாத அறையில் சித்திரை, வைகாசியில் கார்டை நாள் முழுக்க ஓட்டுபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். 9.5 ஆம்பியர் என்ற தாங்குதிறனே, அறை வெப்பத்துக்கு மேல் 30 டிகிரி வரை சூடேறலாம் என்ற கணக்கில் சொன்னது. கேபினெட்டுக்குள் ஏற்கெனவே 45 டிகிரி என்றால் அங்கிருந்துதான் கணக்கு தொடங்கும்.

கேள்வி: கேம் ஓடும்போது திரை கறுத்து, ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. கழற்றிப் பார்த்தால் இரண்டு பின் அருகே பழுப்பு நிறம். சுத்தம் செய்து மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். இனி அந்தக் கேபிளை வேறு எந்தக் கார்டிலும் சொருகக் கூடாது. சூடேறிய உலோகம் தன் வில்தன்மையை இழந்திருக்கும். நல்ல சாக்கெட்டில் போட்டாலும் சரியாகப் பிடிக்காமல் அதையும் கெடுக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பின் மேலுள்ள பூச்சு போய் நிலைமை மோசமாகும். இரு முனையையும் தெளிவாகப் படம் எடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்தையும் கழற்றிப் பாருங்கள். கார்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டின் வாரண்டியையும் கேளுங்கள். வாரண்டி முடிந்த கார்டு என்றால், சாக்கெட்டை மட்டும் பெயர்த்து மாற்றும் பழுது நிலையங்கள் உண்டு. கனமான செப்புப் பலகையில் சால்டர் செய்யும் வேலை, அடியிலிருந்து சூடேற்றும் கருவி இல்லாதவரிடம் கொடுக்காதீர்கள். மாற்றும்போது 12வி-2×6 சாக்கெட்டே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏஐ மாடல்கள் ஓட்டுவதற்காக என்விடியாவின் பழைய சர்வர் கார்டான டெஸ்லா பி40 வாங்கினேன். அதில் 8 பின் சாக்கெட். கிராஃபிக்ஸ் கார்டு கேபிள் உள்ளே போகவில்லை. கொஞ்சம் அழுத்தினால் போகுமா?

பதில்: அழுத்தவே கூடாது. பி40-இல் இருப்பது பிசிஐஇ 8 பின் அல்ல. மதர்போர்டில் சிபியூவுக்குக் கொடுக்கும் இபிஎஸ் வகை 8 பின். ஆர்டிஎக்ஸ் ஏ6000-இலும் இதுதான். இபிஎஸ்ஸில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் பிசிஐஇ கேபிளில் கிரவுண்டு இருக்கும், நேர் தலைகீழ். பின் கூடுகளின் வடிவம் வேறாக இருப்பதால்தான் உள்ளே போகாமல் உங்களைக் காப்பாற்றியது.

எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு சிபியூ கேபிள் இருந்து, மதர்போர்டுக்கு ஒன்று போதுமென்றால், மற்றதை நேராகக் கார்டில் சொருகலாம். அடாப்டரே தேவையில்லை. இல்லையென்றால் இரண்டு பிசிஐஇ 8 பின்னை ஒரு இபிஎஸ் 8 பின்னாக மாற்றும் அடாப்டர் வாங்கி, இரண்டு தனிக் கேபிளில் மாட்டுங்கள். கார்டு 250 வாட் எடுக்கும். 21 ஆம்பியர் நான்கு பின்னில் போவதால் பின்னுக்கு 5.2. முதல் முறை கார்டில் சொருகுவதற்குமுன், மல்டிமீட்டரை வைத்து எந்த வரிசையில் 12 வோல்ட் வருகிறது என்று சரிபாருங்கள்: இபிஎஸ்ஸில் கொக்கி இருக்கும் பக்கத்து நான்கும் 12 வோல்ட். பெயர் தெரியாத அடாப்டர்களில் வயர் மாறி வருவதுண்டு. பி40-க்குச் சொந்த ஃபேன் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். பின்புறம் காற்றைத் தள்ளும் ஃபேன் பொருத்தாமல் ஓட்டினால் சீக்கிரமே சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: சாட்டா கேபிளிலிருந்து 8 பின் எடுக்கும் அடாப்டர் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். அதை 150 வாட் தலையில் கட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டு சாட்டாவைச் சேர்த்தாலும் 108தான்.

கேள்வி: இந்த 16 பின் தொல்லையே வேண்டாம் என்றால் என்ன கார்டு வாங்கலாம்?

பதில்: ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304 வாட் எடுக்கும், 7900 எக்ஸ்டிஎக்ஸ் 355 வாட். பெரும்பாலான மாடல்களில் பழைய 8 பின்னே. ஆனால் 9070 எக்ஸ்டி-யில் சஃபயர் நைட்ரோ பிளஸ், அஸ்ராக் டைச்சி போன்ற சிலவற்றில் 16 பின் வந்துவிட்டது, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். என்விடியாவே வேண்டும் என்பவர்களுக்கு 250 வாட் 5070, 300 வாட் 5070 டிஐ இருக்கின்றன. அதே 16 பின்தான், ஆனால் பின்னுக்கு 3.5, 4.2 ஆம்பியர். 5070 டிஐ-யின் கணக்கு பழைய 8 பின்னின் கணக்கே.